நடந்து வந்தவர்களுக்குப் பட்டியல் இல்லை

தெருவில் அவளை நோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம், வாயில் எப்போதும் ஒரு கேள்வி. அவள் காதுபட யாராவது ஏரி என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "எப்பப் போனீங்க? யாரு விட்டா? யாரு தடுத்தா? என்ன சொல்லித் தடுத்தாங்க?" குழாயடிக்கு வாளியோடு வந்தவர் முப்பது வருஷக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்க முடியும். வாளி அதற்குள் நிரம்பி வழிந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக உதவியாளர். தற்காலிகம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள், நீட்டித்ததற்கு நன்றி சொல்ல வைப்பார்கள். மாடிப்படிக்கு அடியில் அவளுக்கு ஒரு மேசை. முதல் வருஷம் எழுந்திருக்கும்போதெல்லாம் தலை படியில் இடித்தது. பிறகு தலை தானாகவே குனியக் கற்றுக்கொண்டது. அவளுடைய தலை மட்டும்தான் குனிந்தது, நாக்கு குனியவில்லை. துறையில் அவளுக்கு நண்பர்கள் குறைவு என்றால் அதுதான் காரணம்.

அவள் பிறந்து வளர்ந்த தெருவுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் நலவிடுதி. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ நல்ல மனசுக்காரர் கட்டியது. மூட்டுவலி, நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு என்று வருகிறவர்கள் தண்ணீரில் இறங்கி நடக்கலாம், கரையில் சாய்ந்து காற்று வாங்கலாம். வாசல் தூணில் கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள்: 'நோயுற்ற அனைவருக்கும்.' கல்வெட்டு வடக்குப் பார்த்து இருக்கிறது. தெரு தெற்கே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, தெருக்காரர்கள் யாரையும் அந்த 'அனைவரில்' சேர்க்கவில்லை.

விடுதியின் சலவைக்கூடத்துக்கு மட்டும் அந்தத் தெரு வேண்டும். பின்பக்கம் ஒரு தகரக் கதவு, அதன் வழியாகக் காலையில் பெண்கள் உள்ளே போவார்கள், மாலையில் வெளியே வருவார்கள். அவளுடைய அம்மா முப்பத்தொரு வருஷம் அப்படிப் போய்வந்தவள். நாள் முழுக்க ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று துண்டுகளையும் விரிப்புகளையும் துவைத்ததில் நாற்பத்தாறு வயதிலேயே முழங்கால் இரண்டும் போயின. வெளி டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பளவு தண்ணீர்தானே, இருபது எட்டில் இருக்கிறது!

நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பதினைந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக முன்வாசலுக்குப் போனாள். காவலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெளி டாக்டர் சீட்டு செல்லாதும்மா. விடுதி டாக்டர் எழுதித் தரணும்."

"சரிப்பா. அவரு எங்க உக்காருவாரு?"

"உள்ளதான்."

"அப்ப உள்ள விடு, எழுதி வாங்கிட்டு வரேன்."

"சீட்டு இல்லாம எப்படிம்மா உள்ள விடறது?"

அம்மா சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்படியே மதிலைச் சுற்றிப் போய்த் தகரக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, அன்றைக்குத் தண்ணீரில் நடந்தவர்களுடைய துண்டுகளைத் துவைத்தாள். மகள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுடைய கோபத்துக்கு வயது இருபத்தெட்டு. இன்றைக்கும் கட்டுக்குலையாமல் இருக்கிறது.

அந்தக் கோபம்தான் அவளைப் படிக்க வைத்தது, மாலைக் கல்லூரியில் முதுகலை வரை. துறையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், விடுதியின் பழைய ஆண்டறிக்கைகள் நூலகக் கிடங்கில் கிடப்பதைக் கண்டுபிடித்தாள். தும்மிக்கொண்டே படித்தாள். பத்தொன்பது அறிக்கைகளில் ஒரே வரி, எழுத்து மாறாமல்: 'அண்டைத் தெருவினர் நீர்க்கரைக்கு வருவதில் நாட்டம் காட்டவில்லை.'

நாட்டம் காட்டவில்லையாம்! எப்படித் தெரிந்தது என்று தேடினாள். வாயில் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டில் தெருக்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை, ஆகவே வரவில்லை. பதிவேட்டை எழுதுவது யார்? காவலாளி. யாரை எழுதுவான்? உள்ளே விட்டவரை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதை இவ்வளவு சுத்தமாக, பைண்டு பண்ணி, பொன்னெழுத்தில் முதுகு ஒட்டி அவள் அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தெருவில் வீடு வீடாக ஏறினாள். ஏழு வருஷத்தில் நாற்பத்தொரு பேர். செருப்பு இல்லை என்று திருப்பப்பட்டவர். செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போய், "கரையில செருப்பு போடக் கூடாது" என்று திருப்பப்பட்டவரும் அவரேதான். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர். செவ்வாய்க்கிழமைதான் விடுதிக்கு வார விடுமுறை. இளைப்பு நோய்க்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று நாள் வாசலில் நின்ற பஸ் கிளீனர். எல்லாவற்றையும் குரலில் பதிந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டியின் முதல் பொருள் அம்மாவின் டாக்டர் சீட்டு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பத்தொன்பது வரிகளுக்குக் கீழே, பல்கலைக்கழக முத்திரையோடு, 'வந்தார்கள்; விடவில்லை' என்று ஒரு வரி எழுத வேண்டும்.

முத்திரையோடு எழுத மாடிப்படிக்கு அடியில் இருப்பவளுக்கு உரிமை இல்லை. அதற்கு ஒரு பதவி வேண்டும்.

அந்தப் பதவியும் வந்தது. துறைத் தலைவரான பேராசிரியர் அவளுடைய நோட்டுகளை வாங்கிப் போய், மூன்று மாதம் வைத்திருந்து, நிதிக்கு விண்ணப்பம் எழுதினார். நிதி கிடைத்தது. 'நீர்க்கரை நலவாழ்வை அடையும் வாய்ப்பின் வரலாறு: ஆய்வாளர் பணியிடம் ஒன்று, மூன்று ஆண்டுகள்.' முதுகலையும் கள அனுபவமும் போதும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பேராசிரியர் கெட்டவர் அல்ல. நல்லவராக இருப்பது சுலபமாக இருக்கும் நாட்களில் ரொம்பவே நல்லவர்.

"உங்க திட்டம் மாதிரியே இது. தைரியமா விண்ணப்பம் போடுங்க" என்றார் அவளிடம்.

"மாதிரியே இல்ல சார். என் திட்டம்தான்" என்றாள் அவள்.

நேர்காணலை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நலவிடுதியின் கரையோர மண்டபத்தில்! ஏரியைப் பற்றிய வேலை, ஏரியைப் பார்த்தபடி பேசலாமே என்று பேராசிரியருக்கு ஒரு ரசனை. வருகிறவர்கள் கணினியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, வண்டி எண். வண்டி எண்ணை விட்டுவிட்டால் படிவம் மேலே நகரமாட்டேன் என்றது. அவள் 'இல்லை' என்று தட்டினாள். சமர்த்தாக ஏற்றுக்கொண்டது.

அன்று காலை அம்மா அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி சொன்னாள், "வேலையோட பேரே இவ்வளவு நீளமா இருக்கு, வேலை எவ்வளவு நீளமோ. கோவத்தை வீட்டுலயே வெச்சுட்டுப் போடி."

"வெச்சுட்டுப் போனா அங்க என்னத்தப் பேசறது?"

அம்மா சிரித்தாள். மகள் மதிலைச் சுற்றி நடந்து, பத்து மணி நேர்காணலுக்கு ஒன்பதரைக்கே முன்வாசலில் நின்றாள். புதுக் காவலாளி, புதுச் சீருடை. கையில் ஒரு தாள்.

"வண்டி எங்க மேடம்?"

"வண்டி இல்லீங்க. நடந்து வந்தேன். இன்டர்வியூ."

அவன் தாளை மேலிருந்து கீழே விரலால் தடவினான். தாளில் பெயரே இல்லை. எல்லாம் வண்டி எண்கள்.

"நடந்து வந்தவங்களுக்கு லிஸ்ட் இல்லையே மேடம்."

"என் பேரு, கடுதாசி, அடையாள அட்டை எல்லாம் இருக்கு. பாருங்க."

"பேரு எனக்கு எதுக்கு மேடம்? நம்பர் இருந்தா கேட்டைத் தொறப்பேன். அவ்வளவுதான் எனக்குச் சொன்னது."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார் வந்தது. காவலாளி குனிந்து எண் பலகையைப் பார்த்தான், தாளில் டிக் போட்டான், சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தான். உள்ளே யார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டில் ஆட்டுக்குட்டி உட்கார்ந்திருந்தாலும் சலாம் கிடைத்திருக்கும். பேராசிரியருக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தார். துறை அலுவலகத்துக்குப் போட்டாள், "சார் இன்டர்வியூல இருக்காரே" என்றார்கள். பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. தலைக்கு மேலே கல்வெட்டு 'நோயுற்ற அனைவருக்கும்' என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

கோபத்தோடு மதிலைச் சுற்றி ஓடி, தகரக் கதவைத் தட்டினாள். சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா திறந்தாள், ஒரு காலத்தில் அம்மாவிடம் வேலை பழகியவள்.

"ஏண்டி, நல்ல சேலையில வந்து நிக்கிற?"

விஷயத்தைக் கேட்டதும் மேஸ்திரியம்மா மடித்து வைத்த துண்டுகளில் ஒரு கட்டை எடுத்து அவள் இரண்டு கையிலும் வைத்தாள். "இதைத் தூக்கிக்க. எங்க வேணாப் போ, எவனும் கேக்க மாட்டான்."

எவனும் கேட்கவில்லை. தோட்டக்காரன் விலகி வழிவிட்டான். வரவேற்பறைப் பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை. பத்து இருபத்தைந்துக்கு மண்டபத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அவளைப் பார்த்ததும், "அங்க ஓரமா வெச்சுட்டுப் போங்கம்மா" என்றார்.

பேராசிரியர் பதறி எழுந்தார். "இல்ல, இல்ல, இவங்கதான்..." துண்டுக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் மேசைமேலேயே வைத்தாள்.

பத்து நிமிஷம் பேசினார்கள். நிபுணர் கேட்ட முதல் கேள்வியே, "அறிக்கைகள்ல அண்டைத் தெருவினருக்கு நாட்டம் இல்லைன்னு இருக்கே, அந்த மனநிலையை எப்படிப் புரிஞ்சுக்கறது?" என்பதுதான். அவள் சீட்டுக் கதையைச் சொன்னாள். செருப்புக் கதையைச் சொன்னாள். இன்று காலை வாசல் கதையையும் சொன்னாள். மூன்று பேரும் ரசித்துக் கேட்டார்கள். "அற்புதம்! இதை முன்னுரையிலயே சேக்கலாம்" என்றார் நிபுணர். அவர் அவளைக் கேட்ட விதம், வேலைக்கு வந்தவளைக் கேட்கிற விதம் இல்லை. குழாயடியில் அவள் மற்றவர்களைக் கேட்கிற விதம்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. 'மேற்படி நாளில் தாங்கள் நேர்காணலுக்கு வராத காரணத்தால், தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை.'

மூன்று முறை படித்தாள். வராத காரணத்தால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறுகூட இல்லை, வெறும் தட்டில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு எங்கே காணோம் என்கிறார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள், கதவைத் தட்டாமல்.

"சார், நான் வந்தேனா வரலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்தீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா வருகைப் பட்டியல் கேட்லேர்ந்துதான் ஆபீசுக்குப் போகுது. அதுல உங்க பதிவு இல்ல. நிர்வாகத்துக்கு அதுதான் ஆதாரம்."

"மூணு பேர் கண்ணால பார்த்தீங்களே. துண்டு மேசைமேல இருந்துதே!"

"தப்புதான். நான் மறுக்கல. ஆனா இப்பத் திருத்தணும்னா நியமனமே நின்னுடும், நிதி திரும்பிப் போயிடும். உங்க ஏழு வருஷ உழைப்பு. அது பாழாகணுமா, சொல்லுங்க?"

அவள் நேசத்தையே எடுத்து அவள் வாயை அடைக்கிறார்! ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் எதிரே உட்கார்ந்தாள், அவர் உட்காரச் சொல்லாமலே.

"பத்தொம்போது அறிக்கை சார். அத்தனையிலயும் ஒரே வரி. யாரு இப்படி வாய் கூசாம எழுதியிருப்பாங்கன்னு ஏழு வருஷமா யோசிச்சேன். உங்களை மாதிரி நல்லவர்தான் ஒருத்தர் எழுதியிருக்காரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே."

அந்த மாதம் அவளுடைய நீட்டிப்பும் வரவில்லை. அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டது அவளை நம்பித்தான், துறையை நம்பி அல்ல. அந்தக் கடிதத்தையும் அம்மாவின் சீட்டுக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்தாள்.

பதவிக்கு வேறு ஊர்க்காரர் ஒருவர் வந்தார். நடுத்தர வயது, மரியாதையான மனிதர், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த மூன்றாம் வாரம் தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்: 'ஏரியும் நீங்களும்: உங்கள் நினைவுகளைப் பகிர வாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. நலவிடுதி, கரையோர மண்டபம். அனைவரும் வரலாம்.' அடியில் எறும்பு ஊர்கிற எழுத்தில் ஒரு வரி: முன்பதிவு அவசியம்.

எறும்பு எழுத்தைத் தெருவில் யாரும் படிக்கவில்லை. 'அனைவரும் வரலாம்' என்பதைப் படித்தார்கள்.

"நான் போறேன்" என்றாள் அம்மா. எழுபத்திநாலு வயது, கையில் கோல்.

"அந்த வாசலுக்கா? வேணாம்மா."

"நோட்டீசு ஒட்டிக் கூப்புடறான்டி. கூப்புட்டுப் போகாம இருந்தா, வரலன்னு எழுதுவான்."

அதற்குமேல் மகளால் என்ன சொல்ல முடியும்? கூடப் போனாள், கையில் நோட்டோடு. வாசலில் கூட்டம். இஸ்திரிக்காரர் சட்டைக்கு மடிப்பு வைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பஸ் கிளீனரும், தோளில் கிடந்த அந்தக் குழந்தையும். குழந்தைக்கு இப்போது மீசை. மேஸ்திரியம்மா லீவு போட்டிருந்தாள். காவலாளி தாளைத் தடவிக்கொண்டே, "வண்டி நம்பர் குடுத்தவங்க மட்டும் நில்லுங்க" என்றான். ஒருவராலும் நிற்க முடியவில்லை. அரை மணி நேரம் வெயிலில் வாதாடிவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அம்மா சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்த நோட்டீசை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதே மடிப்பு. மகளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள், வந்தவர் யார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று. முப்பத்தேழு பேர்.

மதியம் போன் அடித்தது. புது ஆய்வாளர். குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது.

"மன்னிக்கணும், துறையில உங்க நம்பர் குடுத்தாங்க. இன்னிக்கு ஒரு கூட்டம் வெச்சிருந்தேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன், ஒருத்தர்கூட வரல. மாத அறிக்கை எழுதணும். உங்க தெருக்காரங்களுக்கு இதுல நாட்டம் இல்லையோன்னு..."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அதைச் செய்தால் அந்த ஆள் போனை வைத்துவிடுவார், வைத்த கையோடு இருபதாவது முறையாக அந்த வரியை எழுதுவார். அவள் நோட்டை எடுத்து மடியில் பிரித்தாள்.

"சார், பேனா இருக்கா? தாள் எடுத்துக்கோங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. முடியற வரைக்கும் போனை வெக்கக் கூடாது."

"சரி... சொல்லுங்க."

"ஒண்ணு. பெண். விடுதிச் சலவைக்கூடத்துல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவங்க. வயசு எழுபத்திநாலு. ரெண்டு முழங்காலும் வலி. காலையில ஒம்போது அம்பதுக்கு உங்க கேட்டுக்கு வந்தாங்க. பத்து இருவதுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. எழுதியாச்சா?"

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சத்தம் போட்டாள்:

"ரெண்டாவது தடவைன்னு எழுதச் சொல்லுடி!"